கணக்கில் வாராத பங்கு

தமிழில் மரம் என்னும் சொல் இரு நிலைகளுக்கும் பொது. காட்டில் வேரூன்றித் தழைத்து நிற்பதும் மரம். வெட்டுண்டு, பட்டை நீங்கி, எண் பொறிக்கப்பட்டு மரவாடியில் கிடப்பதும் மரம். மரக்கலம், மரக்கால், மரப்பாச்சி என அதனைத் தலையில் கொண்ட சொற்கள் பல. மரக்காயர் என்னும் குடிப்பெயரையும் மரக்கலத்தோடு இயைத்து விளக்குவார் உளர். தேக்கு என்னும் சொல்லோ கடலே கடந்துவிட்டது. மேலைக் கடற்கரையில் அதனைக் கேட்ட போர்ச்சுக்கீசியர் 'தேக்கா' என்றனர். அவர்வழி ஆங்கிலத்தில் அது 'டீக்' ஆயிற்று. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் தம்மை நாடி வந்தார்க்குத் தேக்கிலையில் உணவைக் குவித்து அளிக்கும் செய்தி வருகிறது. அங்கு இலைக்கே பயன். அடிமரத்திற்கு விலை பேசுவார் இல்லை. விலை பேசத் தொடங்கிய பிறகு ஊர்கள் எவ்வாறு வாழ்ந்தன, எவ்வாறு தளர்ந்தன என்பதே நாம் இங்கு எழுதப் புகுந்த பொருள். தமிழ்த்துறை மலரில் மர வணிகம் எதற்கு என்று மாணவர் கேட்கலாம். சோறிட்ட தொழிலைப் பற்றி எழுதுவதற்குத் துறை தடையாகாது என்பது நம் எண்ணம்.

எம் தந்தையார் பொள்ளாச்சியில் ஒரு மரவாடியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கெழுதியவர். பொள்ளாச்சிக்கு மேலே ஆனைமலைத் தொடரில் டாப்சிலிப் என்னும் இடம் உளது. வெட்டிய தேக்கு மரங்களை மேலிருந்து சரிவில் வழுக்கி இறக்கியதால் ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. அம்மலையின் மரமும் அரசு ஏலத்தின் வழியே அந்த மரவாடிக்கு வந்ததுண்டு. எனினும் சரக்கில் பெரும்பகுதி பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோழிக்கோட்டை அடுத்த கல்லாயியிலிருந்து வந்தது. தேக்கு, ஈட்டி, இருள், வேங்கை, மருது, அயினி என்று பெயர்களை நாம் ஏட்டில் படிக்குமுன் மணத்தால் அறிந்தோம். கண்ணை மூடிக்கொண்டு மரத்தூளை முகர்ந்து பெயர் சொல்வது மரவாடிப் பிள்ளைகளாகிய எங்களுக்கு ஒரு விளையாட்டு.

மரத்தை அளக்கும் முறையைத் தந்தையாரிடம் கற்றோம். அம்முறையை இன்றைய மாணவர் அறிந்திருத்தல் அரிது. ஆகவே சற்று விரித்தே கூறுவோம். மரத்தின் நடுப்பகுதியில் நாடாவைச் சுற்றிச் சுற்றளவு எடுப்பர். அதில் நான்கில் ஒரு பங்கை அதனாலேயே பெருக்கி, மீண்டும் நீளத்தால் பெருக்குவர். சுற்றளவு 60 அங்குலம், நீளம் 12 அடி எனக் கொள்வோம். நான்கில் ஒரு பங்கு 15. பதினைந்தைப் பதினைந்தால் பெருக்க 225. அதனைப் பன்னிரண்டால் பெருக்க 2,700. 144-ஆல் வகுத்தால் 18.75 கன அடி. வாங்குவோர் பணம் கொடுப்பது இதற்குத்தான். ஆனால் கணித ஆசிரியர் ஒருவரிடம் அதே மரத்தைக் கொடுத்தால் அதன் கன அளவு ஏறத்தாழ 23.9 கன அடி என்பார். ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்று மிகையாகவே கணக்கில் வாராமல் போகிறது. இது ஏமாற்று அன்று. இருதரப்பும் அறிந்து ஒப்பிய முறை. உருண்ட மரத்தைச் சதுரித்து அறுக்கும்போது நான்கு பக்கமும் புறப்பலகை கழியும், வாளின் வாயில் தூள் உதிரும். அவற்றிற்கு ஈடாக விடப்பட்டது அப்பங்கு. மெய்யாகவே கழிவது அதனினும் மிகும். கோணல் மரமாயின் பாதிகூடப் போகும்.

அப்படிக் கழிந்தது எங்கே போயிற்று? இதனை நேரில் கண்டு வளர்ந்தோம் ஆதலால் உறுதியாகக் கூற இயலும். பட்டையோடு கழிந்த புறப்பலகைகள் ஆட்டுக்கொட்டிலுக்கு வேலியாயின. ஏழை வீட்டுக்குச் சுவராயின. உணவுக்கடை அடுப்பில் எரிந்தன. துண்டுக் கட்டைகளைப் பம்பரம் கடைபவரும் கட்டில் கால் கடைபவரும் கூடையில் கொண்டு சென்றனர். தூளோ எல்லார்க்கும் பொது. பழைய தகரக் கொள்கலத்தின் நடுவே ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இறுகத் திணித்து, கட்டையை மெல்ல உருவி எடுத்தால் புகைபோக்கி அமையும். கீழ்த்துளையில் தீயிட்டால் ஒரு குடும்பத்தின் காலை உணவும் வெந்நீரும் அதிலேயே முடியும். எங்கள் தெருவில் மரத்தூள் அடுப்பு இல்லாத வீடு இல்லை. பனிக்கட்டி உருகாதிருக்கத் தூளில் புதைப்பர், கோழிப்பண்ணையில் பரப்புவர். மரவாடி முதலாளி எவரிடமும் இதற்குக் காசு பெற்றதில்லை. மாலை நான்கு மணிக்குச் சாக்குகளுடன் பெண்கள் வரிசையில் நிற்பர். அவ்வரிசையை ஒழுங்கு செய்வதும் எம் தந்தையாரின் ஊதியமில்லாப் பணிகளுள் ஒன்று.

ஓர் ஊரின் பொருளியலில் மர அறுவையின் இடம் யாது என்று எவரேனும் வினவினால், பேரேட்டில் எழுதிய 18.75 கன அடியை மட்டும் பார்த்தல் போதாது என்பதே நம் விடை. எழுதாத ஐந்து கன அடி எந்த ஊரில் உதிர்கிறதோ அந்த ஊரே மரத்தால் வாழ்கிறது. கல்லாயியின் வரலாறு இதனை நன்கு காட்டும்.

நிலம்பூர்க் காடுகளில் வெட்டிய மரம் சாலியாற்றில் இறங்கும். பச்சைத் தேக்கு எளிதில் மிதவாது. இருள் போன்ற வன்மரங்களோ நீரில் அமிழ்ந்துவிடும். ஆகவே மூங்கிலைச் சேர்த்துத் தெப்பமாகக் கட்டுவர். மழைக்காலத்து வெள்ளம் கூலி வாங்காத வண்டி. சாலியாற்றையும் கல்லாயி ஆற்றையும் ஒரு வெட்டுவாய்க்கால் இணைக்க, தெப்பங்கள் கல்லாயிக்கு வந்து சேர்ந்தன. அங்கு மரங்களை நீரிலேயே கிடத்தி வைப்பர். நீரில் கிடக்கும் மரம் வெடிக்காது, பூச்சி அரிக்காது. கரையில் அறுவைக்குழிகள் இருந்தன. குழிமேல் மரத்தைக் கிடத்தி, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று பெருவாளை இழுப்பர். கீழே நிற்பவரின் கண்ணிலும் மூக்கிலும் தூள் விழுந்துகொண்டே இருக்கும். பின்னர்ப் பொறிவாள்கள் வந்தன. உலகின் இரண்டாவது பெரிய மரச்சந்தை எம்முடையது என்று கோழிக்கோட்டார் கூறுவது வழக்கம். பெருமைக்குக் கணக்குக் கேட்பது விருந்தினர்க்கு அழகன்று.

இச்சந்தையின் செழிப்பை வெளியார் கண் வைக்காமல் விட்டிலர். 1806-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கேப்டன் வாட்சன் என்பவரைக் காட்டுக் காப்பாளராக அமர்த்தி, மலபார் மரம் முழுவதையும் தன் தனியுரிமை ஆக்கிற்று. காட்டுக்கு உடையவரும் மாப்பிள்ளை வணிகரும் தம் மரத்தைத் தாம் விற்க இயலாத நிலை. பதினேழு ஆண்டு முறையீட்டிற்குப் பின் 1823-இல், சர் தாமஸ் மன்றோ சென்னை ஆளுநராக இருந்தபோது, அத்தனியுரிமை நீங்கியது. இடைக்காலத்தில் போன மரம் எத்தனையோ கப்பலாயிற்று. அவற்றுள் ஒன்று இன்றும் மிதக்கிறது. 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கால் கட்டிய போர்க்கப்பல், இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் காட்சிக்கு நிற்கிறது. அதன் பெயர் 'திருகோணமலை'. மலையாளத்து மரமும் ஈழத்துத் தமிழ்ப்பெயரும் கூடி வடகடலில் நிற்பதை எண்ணும்போது நகைப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது.

காடு தீர்ந்துவிடும் என்ற அச்சம் வந்தபின் நடவு தொடங்கிற்று. மலபார் மாவட்ட ஆட்சியர் கனோலி 1840-களில் நிலம்பூரில் தேக்கு நடுவித்தார். தேக்கு விதை தடித்த ஓடுடையது. முதல் முயற்சிகள் முளைக்கவில்லை. அவருடன் பணியாற்றிய சாத்து மேனோனின் உழைப்பால் நாற்றுகள் எழுந்தன. 1846-இல் நட்ட தோப்பின் ஒரு பகுதி இன்றும் கனோலித் தோப்பு என்னும் பெயரில் காக்கப்படுகிறது. மம்புறம் சையிது ஃபஸல் தங்கள் 1852-இல் மலபாரை விட்டு அரபு நாடு செல்ல நேர்ந்ததற்கும் இதே கனோலியே காரணமானவர்; 1855-இல் அவர் மாப்பிள்ளைமார் சிலரால் கொல்லப்பட்டார். மரம் நட்டதற்காக நாடு அவரைப் போற்றுகிறது. பிறிதொன்றிற்காக மலபாரின் ஒரு பகுதி அவரை மறக்கவில்லை. இரண்டையும் ஒருங்கே எழுதுவதே நேர்மை என்று கருதுகிறோம்.

நடவுக்குப் பின் இருப்புப்பாதை. ஷொர்ணூரிலிருந்து நிலம்பூருக்கு 66 கிலோமீட்டர்ப் பாதை 1927-இல் முடிவுற்றது. இரண்டாம் உலகப்போரில் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றனர். 1950-களில் மீண்டும் இட்டனர். மரம் ஏற்றவே இட்ட பாதையின் இருமருங்கும் இன்று தேக்கு நிற்க, பயணிகள் அழகு பார்த்துச் செல்கின்றனர்.

2011-ஆம் ஆண்டு ஒரு கருத்தரங்கின்பொருட்டுக் கோழிக்கோடு சென்றபோது, பிற்பகல் அமர்வைத் தவிர்த்து, ஆய்வு மாணவர் இருவருடன் கல்லாயிப் பாலத்திற்கு நடந்தோம். ஆற்றில் மரங்கள் பாதி அமிழ்ந்து கிடந்தன. ஆனால் நெருக்கமாக அல்ல. நீர் கறுத்திருந்தது. சில ஆலைகளில் வாள் ஓடும் ஓசை கேட்டது. பூட்டிய வாயில்களின் மேல் கொடி படர்ந்திருந்தது. கரையில் அமர்ந்திருந்த முதியவரை "இக்கா" என்று அழைத்துப் பேச்சைத் தொடங்கினோம். பன்னிரண்டு வயதில் மரத்தில் இரும்பு வளையம் அடிக்கும் எடுபிடியாக வந்தவராம். தெப்பம் பிரிப்பது, கரையேற்றுவது, ஆலைக்குள் உருட்டுவது என ஐம்பது ஆண்டுகள். எம் தந்தையார் வேலை பார்த்த மரவாடியின் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தார். "பொள்ளாச்சிக்கோ? வாரம் ரெண்டு லாரி கயற்றியிருக்கேன், சாரே" என்று மலையாளமும் தமிழும் கலந்து கூறினார். நாம் முகர்ந்து பெயர் சொன்ன மரங்களை ஏற்றிய கைகளுள் ஒன்று அது. இப்போது என்ன மரம் வருகிறது என்று கேட்டோம். மலேசியா மரம், ஆப்பிரிக்கா மரம் என்றவர், அவற்றின் மணம் தமக்குப் பிடிபடவில்லை என்றும் சொன்னார்.

அவரைப் போன்ற கலாசிகளின் திறத்தைப் பேப்பூரில் இன்றும் காணலாம். சாலியாற்றின் முகத்துவாரத்தில், வரைபடத் தாள் ஏதுமின்றி, மூத்த தச்சரின் மனக்கணக்கிலேயே 'உரு' என்னும் மரக்கப்பல் எழும்புகிறது. வாங்குவோர் பெரும்பாலும் வளைகுடா நாட்டவர். கட்டிய கப்பலை உருளைக் கட்டைகளும் வடமும் கையால் சுற்றும் பொறியும் கொண்டு நீரில் இறக்குவோர் கலாசிகளே. 1988 சூலை 8-ஆம் நாள் கொல்லத்தை அடுத்த பெருமண் பாலத்திலிருந்து இரயில் பெட்டிகள் அஷ்டமுடிக் காயலில் வீழ்ந்தபோது, அவற்றை மேலே இழுக்கவும் இவர்களையே அழைத்தனர். மரம் இழுத்துப் பழகிய தோள்கள் அவை. எந்தக் கல்லூரியிலும் பாடமாக இல்லாத அறிவு அது.

கல்லாயி தளர்ந்ததற்குக் காரணம் ஒன்றன்று. 1971-இல் கேரள அரசு தனியார் காடுகளைத் தன் உடைமை ஆக்கிற்று. 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர் 1996 திசம்பர் 12-ஆம் நாள் உச்சநீதிமன்றம் வழங்கிய ஆணை. அவ்வழக்கைத் தொடுத்தவர் நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு; காரணமாய் இருந்தது நம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகளில் நடந்த மரவெட்டு. மரத்தால் செல்வம் கண்ட ஊரிலிருந்தே மரத்தைக் காக்கும் குரல் எழுந்தது வியப்பிற்குரியது. அவ்வாணை காடு என்னும் சொல்லுக்குப் பரந்த பொருள் கொடுத்து, நாடு முழுவதும் மைய அரசின் ஒப்புதலின்றிக் காட்டில் பிற பணிகள் நடத்தலைத் தடுத்தது. அறுவை ஆலைகள் உரிமம், தொலைவு என்று பல கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டன.

அந்த ஆணை சரியே என்பது நம் துணிபு. கூடலூரிலும் பந்தலூரிலும் இருந்து நம் வகுப்புகளுக்கு வந்த மாணவர்கள் மலை சரிந்த கதைகளைச் சொல்லக் கேட்டுள்ளோம். ஆற்றுக்குத் தாய் காடு. ஆயினும் எம் தந்தையார் பணிபுரிந்த மரவாடி 1998-இல் மூடப்பட்டபோது அங்கிருந்த பதினான்கு பேரைப் பற்றி எந்த ஆணையும் ஒரு வரி பேசவில்லை. காட்டைக் காத்ததன் பயன் நாட்டுக்கு. அதன் விலையைக் கொடுத்தவர் அப்பதினான்கு பேர். வாள் தீட்டும் முதியவர், அரம் பிடித்துப் பிடித்து இடக்கைப் பெருவிரல் தேய்ந்தவர், மூன்று மாதம் அந்த மூடிய வாயிலுக்கே வந்து அமர்ந்திருந்தார். தந்தையார் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதப் போனார். அங்கும் முழம் போடும்போது நான்கால் வகுத்துவிடுவாரோ என்று வீட்டில் நகையாடுவோம், அவர் சிரித்ததில்லை. சாக்கோடு நின்ற பெண்கள் மண்ணெண்ணெய் வரிசைக்கு மாறினர்.

மரம் இல்லாமற் போனதால் மரத்தொழில் நாட்டில் இல்லாமற் போகவில்லை. அது இடம் பெயர்ந்தது. கச்சுப் பகுதியில் காந்திதாம் என்னும் நகர் உளது. காடு என்று சொல்லத்தக்கதாகச் சுற்றிலும் வறண்ட முட்புதரே. ஆனால் பக்கத்தில் காண்ட்லாத் துறைமுகம். கடல்வழி வரும் அயல்நாட்டு மரத்தை அறுக்கும் ஆலைகள் அங்கு நூற்றுக்கணக்கில் எழுந்துள்ளன. நம் தூத்துக்குடியிலும் மரம் இறங்குகிறது. ஒரு நாடு மரத்தை உருளையாகவே ஏற்றி அனுப்பினால் கணக்கில் எழுதிய பதினெட்டு அடிக்குப் பணம் பெறும். எழுதாத ஐந்து அடியையும் கூடவே கப்பலேற்றிவிடும். தூளும் சிம்பும் அறுவைக் கூலியும் இறங்கும் துறைக்கே. இதனை உணர்ந்துதான் இந்தோனேசியா 1985-இலும், ஆப்பிரிக்காவின் காபோன் 2010-இலும், மியன்மா 2014-இலும் உருட்டு மர ஏற்றுமதியைத் தடுத்தன. தடுத்தவர் எல்லாம் காட்டைக் காத்தனர் என்று கூறுவதற்கில்லை. இந்தோனேசியாவில் ஒட்டுப்பலகை ஆலைகள் பெருகி, அவற்றின் வாய்க்கு இரையிடவே காடு அழிந்தது. ஆலை ஊருக்குள் இருந்தால் ஊர் வாழும் என்பது மெய். பசித்த ஆலை காட்டை விழுங்கும் என்பதும் மெய்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நிலம்பூர்க் காடுகளிலேயே பிறந்து வாழும் சோலநாயக்கரும் காட்டுநாயக்கரும் பணியரும் இந்நீண்ட கணக்கின் எப்பக்கத்தில் இருந்தனர்? கம்பெனி வந்தது, கோவிலகம் இருந்தது, வணிகர் வாங்கினர், அரசு ஏலமிட்டது. இன்றும் அருவாக்கோடு, நெடுங்கயம் கிடங்குகளில் தோட்டத் தேக்கு தரம் பிரித்து ஏலம் விடப்படுகிறது. இப்போது கணிப்பொறி வழியே ஏலம். அறுபது ஆண்டு வளர்ந்த மரத்திற்கு நல்ல விலை. அவ்விலைப் பட்டியலிலும் அம்மக்களின் பெயருக்கு இடமில்லை. தூளும் அவர்கள் பக்கம் உதிர்ந்ததில்லை, ஏனெனில் அறுவை ஆற்றின் மறுகோடியில் நடந்தது.

அந்தப் பதினான்கு பேருள் இளையவர் ஒருவர், வாள் ஓட்டியவர், பெரும்பாவூருக்குச் சென்றார். எறணாகுளம் மாவட்டத்து அவ்வூர் இன்று ஒட்டுப்பலகைத் தொழிலுக்குப் பேர்போனது. பால் வற்றிய இரப்பர் மரங்களை இருபத்தைந்து முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை தோட்டக்காரர் வெட்டி விற்க, ஆலைகள் அவற்றைத் தாள் போலச் சீவி, ஒட்டி, அழுத்திப் பலகையாக்குகின்றன. காட்டு மரம் வேண்டுவதில்லை. சிறு நில உடைமையாளர்க்கும் கடைசிக் காசு கிட்டுகிறது. வேலை செய்வோருள் பெரும்பாலோர் அசாம், மேற்கு வங்கம், ஒடிசா இளைஞர்கள். நம் நண்பர் அங்கு மேற்பார்வையாளராகி, அண்மையில் ஓய்வு பெற்றார். ஆலையைக் காட்டுமாறு ஒருமுறை கேட்டோம், அழைத்துச் சென்றார். சீவியது போக எஞ்சிய நடுத்தண்டும் கிழிந்த சீவல்களும் எங்கே போகின்றன என்று வினவினோம். கொதிகலனைச் சுட்டினார். பலகையை உலர்த்தும் வெப்பத்திற்கு அவையே எரிபொருள். வெளியே போவதற்கு ஒரு சாக்குக்கூட மிஞ்சாது என்றார். மரம் அளக்கும் நாடா எங்கே என்று மாணவர் ஒருவர் கேட்டார். அங்கு நாடா இல்லை. மரம் ஏற்றிய லாரியை அப்படியே எடைமேடையில் நிறுத்தி, பட்டையும் ஈரமும் உட்படக் கிலோக் கணக்கில் நிறுத்து எழுதுகின்றனர்.